உஷார்! சுக்கினி கசந்தால் துப்பிவிடுங்கள்

பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து நீட்டிய சுக்கினி பார்க்க அத்தனை அழகு. கரும்பச்சைத் தோல், அதில் பொடிப்பொடியாய் வெளிர்ப் புள்ளிகள், ஒரு சாண் நீளம். "போன வருஷம் ஒரு காயை முத்தவிட்டு விதை எடுத்து வச்சிருந்தேன். மாடியில போட்டேன், பாரேன் எப்படிக் காய்ச்சிருக்கு!" என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

நறுக்க உட்கார்ந்தேன். காம்போரத்தில் ஒரு சில்லு சீவி நாக்கில் வைத்தேன். வெள்ளரிக்காய் நறுக்கும்போது அம்மா செய்வார், அந்தப் பழக்கம். வைத்த அடுத்த நொடி வாய் முழுக்கக் கசப்பு. வேப்பங்கொழுந்தை மென்றதுபோல நாக்கின் அடிவரை இறங்கியது. துப்பிவிட்டு, நாலு முறை வாய் கொப்பளித்த பிறகும் போகவில்லை.

உடனே போன் போட்டேன். "அக்கா, நீங்க சமைச்சிட்டீங்களா?"

"கூட்டு அடுப்புலதான் இருக்கு. கொஞ்சம் கசக்குது. ஒரு துண்டு வெல்லம் போட்டிருக்கேன், சரியாயிடும். கசப்பு உடம்புக்கு நல்லதுதானே?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இதை எழுத வைத்தது. பாகற்காயிலும் வேப்பம்பூ ரசத்திலும் வளர்ந்த நாக்கு நமக்கு. கசந்தால் மருந்து, பூச்சி சாகும், சர்க்கரை குறையும் என்று கேட்டே பழகிவிட்டோம். ஆனால் சுக்கினியிலும் சுரைக்காயிலும் வெள்ளரியிலும் வருகிற கசப்பு மருந்து கிடையாது. விஷம். வெல்லம் போட்டால் கசப்பு மறையும், விஷம் மறையாது. அன்று அந்தக் கூட்டு குப்பைக்குப் போனது.

ஜெர்மனியில் போன உயிர்

2015 ஆகஸ்டில் தெற்கு ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் 79 வயது முதியவர் ஒருவர் மருத்துவமனையில் இறந்துபோனார். காரணம் சுக்கினி. பக்கத்து வீட்டுக்காரர் தம் தோட்டத்தில் விளைந்ததை அன்போடு கொடுத்திருக்கிறார். இவர்கள் சமைத்திருக்கிறார்கள். சாப்பாடு கசந்தது. அவர் சாப்பிட்டார். மனைவி கொஞ்சமாகத்தான் சாப்பிட்டார். இருவருக்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து மருத்துவமனைக்குப் போனார்கள். மனைவி பிழைத்தார்.

எங்கோ ஒரு கோடியில் நடந்த அதிசயம் என்று தள்ளிவிட முடியாது. 1980களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் கலிபோர்னியா, அலபாமா பகுதிகளிலும் ஆஸ்திரேலியாவிலும் கசப்புச் சுக்கினி சாப்பிட்டவர்கள் விழுந்த கதை பதிவாகியிருக்கிறது. பிரான்ஸில் 2012 முதல் 2016 வரையான ஐந்தாண்டுகளில் விஷமுறிவு ஆலோசனை மையங்களுக்கு வந்த கசப்புப் பூசணிவகைக் கேஸ்கள் மட்டும் 353. அதே நாட்டில் இரண்டு பெண்களுக்குக் கசப்பான பூசணி சாப்பிட்டு வாந்தி எடுத்த சில நாட்களிலும் வாரங்களிலும் தலைமுடி கொத்துக் கொத்தாய் உதிர்ந்ததை ஒரு தோல் மருத்துவர் 2018இல் மருத்துவ இதழில் எழுதினார்.

நம் பாட்டிகளுக்குத் தெரிந்த பேய்

அந்த விஷத்தின் பெயர் குக்கர்பிட்டாசின். பூசணிக் குடும்பத்துக் கொடிகள் தம்மைத் தின்ன வரும் பூச்சியையும் ஆட்டையும் மாட்டையும் விரட்டுவதற்காகத் தாமே சுரந்து வைத்துக்கொள்ளும் ஆயுதம் இது. காட்டில் தானாய் முளைக்கிற கொடிகளில் இது நிறைய இருக்கும். மனிதன் கசக்காத கொடியாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து, தலைமுறை தலைமுறையாய் அந்தக் கசப்பைக் கழித்துத்தான் இன்றைய சுக்கினியும் சுரையும் வெள்ளரியும் வந்தன.

இந்த அறிவியல் பெயர் நம் பாட்டிகளுக்குத் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும். சுரை, பேய்ச்சுரை. பீர்க்கு, பேய்ப்பீர்க்கு. புடல், பேய்ப்புடல். அதே இலை, அதே பூ, ஏறக்குறைய அதே காய். கடித்தால் மட்டும் கசப்பு. கறிக்கு ஆகாத அந்தக் கொடிக்குப் 'பேய்' என்று பேர் வைத்து ஒதுக்கினார்கள். நல்ல சுக்கினிக்குள்ளும் எப்போதாவது அந்தப் பேய் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான் சங்கதி.

அப்படியானால் பாகற்காய்? அதன் கசப்பு வேறு சரக்கு. பாகலுக்குக் கசப்பு இயல்பு. பல நூறு ஆண்டுகளாகக் கசப்போடுதான் சாப்பிடுகிறோம். இயல்பில் கசக்கக் கூடாத காய் கசப்பதுதான் ஆபத்து. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் பதித்துக்கொண்டால் போதும்.

பேய் எந்த வழியாக வருகிறது?

பெரும்பாலும் விதை வழியாக. சுக்கினி, சில பூசணி ரகங்கள், மேலை நாடுகளில் மேசை அலங்காரத்துக்கு வைக்கும் குட்டிக் குட்டி வண்ணப் பூசணிகள், எல்லாமே குக்கர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனம். அலங்காரப் பூசணியில் கசப்பு அப்படியே இருக்கும். அதன் பூவிலிருந்து ஒரு தேனீ மகரந்தத்தைக் கொண்டுவந்து சுக்கினிப் பூவில் கொட்டினால், அந்த வருடக் காய்க்கு ஒன்றும் ஆகாது, நன்றாகத்தான் இருக்கும். அதற்குள் இருக்கும் விதையில் கசப்பு குடியேறிவிடும். அந்த விதையை எடுத்து வைத்து அடுத்த வருடம் போட்டால் பேய்க்காய் காய்க்கும். எருக்குழியில் தானாய் முளைத்த கொடிக்கும் இதே கதைதான்.

நம் மாடித்தோட்டத்தில் சுக்கினிக்குப் பக்கத்தில் சுரைக்கொடி இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். சுரை வேறு இனம், இரண்டும் கலக்காது. நாம் கவனிக்க வேண்டியது சேமித்த விதையைத்தான். கடையில் விற்கும் சுக்கினி விதைகளில் பெரும்பாலானவை கலப்பின விதைகள். அவற்றின் காயிலிருந்து விதை எடுத்தால் தாயைப்போலப் பிள்ளை வரும் என்று நம்ப முடியாது. வருடா வருடம் புது விதைப் பாக்கெட் வாங்குவதே பத்திரம்.

இரண்டாவது வழி, வெயில். கொடி தண்ணீர் இல்லாமல் வாடினாலும் கடும் வெப்பத்தில் தவித்தாலும் கசப்பு ஏறலாம். ஒரு கொடியில் ஒரு காய் கசந்தால் மற்றதைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டாம். கொடியையே வேரோடு பிடுங்குங்கள். அதிலிருந்து விதையும் எடுக்காதீர்கள்.

வெந்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது

இதுதான் பலரும் ஏமாறும் இடம். குக்கர்பிட்டாசின் சூட்டுக்கு அசையாது. குக்கரில் ஐந்து விசில் விட்டாலும் எண்ணெயில் பொரித்தாலும் ஃப்ரீசரில் உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். உப்புப் போட்டுப் பிசிறிப் பிழிவது, மோரில் ஊறவைப்பது, புளி கரைத்து ஊற்றுவது எதுவும் உதவாது. தக்காளியும் மசாலாவும் தேங்காயும் செய்கிற ஒரே வேலை, உங்கள் நாக்கை ஏமாற்றுவது.

ஆகவே சோதனை சமைப்பதற்கு முன்னால் நடக்க வேண்டும். காயின் இரண்டு முனைகளையும் வெட்டுங்கள். ஒவ்வொரு முனையிலிருந்தும் நகத்தளவு சில்லு சீவி நாக்கு நுனியில் வையுங்கள். விழுங்க வேண்டாம். நல்ல சுக்கினி லேசாகத் தித்திக்கும், அல்லது சப்பென்று இருக்கும். கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். நாலு காய் நறுக்கினால் நாலையும் தனித்தனியே பாருங்கள். ஒரு கசப்புக் காய் மொத்தச் சட்டியையும் கெடுத்துவிடும். வெள்ளரிக்காய்க்கும் சுரைக்காய்க்கும் இதே சோதனைதான்.

வீட்டில் முதியவர் சமைக்கிறாரா? வயதாக ஆக நாக்கின் ருசி மங்கும். சளி பிடித்தவருக்கும் அப்படியே. சில்லை இன்னொருவரிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் குழந்தை "கசக்குது" என்று முகம் சுளித்தால், "அடம் பிடிக்காதே, சாப்பிடு" என்று வாயில் திணிக்காதீர்கள். நீங்கள் ஒரு வாய் எடுத்துப் பாருங்கள். குழந்தை சொன்னது சரியாக இருக்கலாம்.

ஜூஸ் குடிப்பவர்கள் இரட்டை உஷார்!

காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய் ஜூஸ் குடிக்கும் மோகம் இப்போது சுக்கினி ஜூஸிலும் வந்து நிற்கிறது. கறியாக இருந்தால் இரண்டாவது வாயிலேயே தட்டைத் தள்ளிவிடுவோம். ஜூஸ் அப்படியல்ல. முழுக் காயின் விஷமும் ஒரு டம்ளரில் இறங்குகிறது, மருந்து என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடிக்கிறோம்.

2010இல் டெல்லியில் ஒருவர் சுரைக்காய்ச் சாற்றோடு பாகற்காய்ச் சாற்றையும் கலந்து குடித்து உயிரிழந்தார். பாகற்காய் சேர்ந்ததும் எந்தக் கசப்பு எதனுடையது என்று நாக்கு எப்படிச் சொல்லும்? இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. குழு சொன்னது சுருக்கம்: சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள், கசந்தால் தூக்கி எறியுங்கள், வேறு காய்ச் சாற்றோடு கலக்காதீர்கள், குடித்தபின் குமட்டலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

தெரியாமல் சாப்பிட்டுவிட்டால்?

சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் காட்டிக்கொடுக்கும். குமட்டல், அடக்க முடியாத வாந்தி, வயிற்றைப் பிசைந்தெடுக்கும் வலி, வயிற்றுப்போக்கு. கடுமையானால் வாந்தியிலும் மலத்திலும் ரத்தம், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம்.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. குளுக்கோஸ், சலைன் ஏற்றி, ரத்த அழுத்தத்தைக் காத்து, குடலைத் தேற்றித்தான் மருத்துவர்கள் காப்பாற்றுகிறார்கள். அதனால் நேரம் முக்கியம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோரில் வெந்தயம் போட்டுக் கொடுத்துக் காத்திருப்பது எல்லாம் வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. மிச்சமிருக்கும் காயையோ கறியையோ ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப்போங்கள். "கசப்பான சுக்கினி சாப்பிட்டார்" என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஃபுட் பாய்சன் என்றே நினைப்பார்கள்.

நாக்குக்கே தெரியாத இரண்டாவது ஆபத்து

கசப்பாவது கத்திச் சொல்லிவிடுகிறது. சத்தமே போடாத ஆபத்து ஒன்று இருக்கிறது. அது சேமிப்பில் வருவது.

இத்தாலிய பாணி என்று சுக்கினித் துண்டுகளைப் பூண்டோடு ஆலிவ் எண்ணெயில் மூழ்கவைத்து, பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கும் வீடியோக்கள் சுற்றுகின்றன. பார்த்ததும் நமக்குத் தோன்றுவது, "மாங்காய் ஊறுகாய் மாதிரிதானே!" இல்லை. மாங்காயில் புளிப்பு இருக்கிறது, அதன் மேல் கை நிறைய உப்பு போடுகிறோம். அந்தப் புளிப்பும் உப்பும்தான் காவல். எண்ணெய் வெறும் மூடி. சுக்கினியில் புளிப்பு கிடையாது. புளிப்பில்லாத, ஈரமான காயை எண்ணெய்க்கடியில் காற்றில்லாமல் அடைத்தால், க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமிக்கு அது மாமியார் வீட்டு விருந்து. அது கக்கும் நஞ்சு நரம்பைப் பிடிக்கும். கண் இமை தொங்கும், பார்வை இரட்டையாகும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சே நிற்கலாம். பாட்டிலில் நாற்றம் வரும், ருசி மாறும் என்று காத்திருக்க முடியாது. ஒன்றும் தெரியாமலே இருக்கலாம்.

பாட்டிலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் போதாதா? போதாது. அந்தக் கிருமியின் வித்துக்கள் 100 டிகிரிக் கொதிநீரில் சாவதில்லை. வீட்டுப் பாட்டில் பதப்படுத்தலில் ஊறித் திளைத்த அமெரிக்காவிலேயே, சுக்கினியைப் பிரஷர் முறையில் பாட்டிலில் அடைக்கத் தந்திருந்த பழைய நேரக் கணக்குகளை, போதிய ஆதாரம் இல்லை என்று வேளாண் துறை திரும்பப் பெற்றுவிட்டது. ஊறுகாய் ஆசை விடவில்லை என்றால், வினிகரில் ஊறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள். அலமாரியில் மாதக்கணக்கில் வைக்கும் காய் இது இல்லை.

சரி, எப்படித்தான் வைப்பது?

சுக்கினி பிஞ்சுப் பருவத்தில் பறிக்கும் காய். தோல் மெல்லிசு, உள்ளே தண்ணீர். பறங்கிக்காய்போல மூலையில் மாதக்கணக்கில் கிடக்காது.

வாங்கும்போது ஒரு சாணுக்கு மேல் நீளாத, கையில் கனமாய் நிற்கிற, தோல் பளபளக்கிற காயாகப் பாருங்கள். விரலால் அழுத்திக் குழி விழுந்தால் வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள். ஈரம் பட்டால் வழவழப்பு தொடங்கிவிடும். சமைக்கும்போது கழுவினால் போதும். கட்டி இறுக்கிய பாலிதீன் பையில் வியர்த்துக்கொண்டு கிடக்க விடாதீர்கள். துணிப்பை அல்லது ஓட்டை போட்ட பை, ஃப்ரிட்ஜின் காய்கறி டிராயர். இந்தக் காய்க்குப் பிடித்த குளிர் 5 முதல் 10 டிகிரி. அதற்குக் கீழே, ஃப்ரீசருக்கு அடியில் உள்ள தட்டில் வைத்தால் மூன்று நாலு நாளில் தோலில் குழிக்குழியாய் விழுந்து, தண்ணீர் கோத்து அழுகும். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்தில் வைக்காதீர்கள். அவை விடும் எத்திலீன் வாயுவில் பச்சைத் தோல் மஞ்சளாகும். நாலைந்து நாளில் சமைத்துவிடுவது நல்லது, போனால் ஒரு வாரம். தொட்டால் பிசுபிசுப்பு, பூஞ்சை, புளித்த வாடை இருந்தால், கெட்ட பக்கத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

ஃப்ரீசரில் வைப்பதானால் அரை அங்குல வட்டமாய் நறுக்கி, கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் முக்கி, நன்றாக வடித்து வையுங்கள். வெளியே எடுத்தால் கொழகொழவென்றுதான் இருக்கும். பொரியலுக்கு ஆகாது, கூட்டுக்கும் அடை மாவுக்கும் சூப்புக்கும் ஆகும்.

சமைத்த கறி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் கோடையில், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரே மணி நேரம். ஃப்ரிட்ஜில் வைத்ததையும் மூன்று நாலு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

சத்து எவ்வளவு, சத்தம் எவ்வளவு?

100 கிராம் பச்சைச் சுக்கினியில் 95 கிராம் தண்ணீர். கலோரி 17. மாவுச்சத்து, சர்க்கரை, நார் எல்லாம் சேர்த்து 3 கிராம் சொச்சம், அதில் நார் 1 கிராம். புரதம் 1.2 கிராம். வைட்டமின் சி சுமார் 18 மில்லிகிராம். கொய்யாப்பழத்தில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது. கண்ணுக்கு நல்லதான லூட்டின் வகைச் சத்துகள் சுமார் 2 மில்லிகிராம். அவை பெரும்பாலும் கரும்பச்சைத் தோலில்தான். தோலைச் சீவி எறிந்தால் உருப்படியான சரக்கு குப்பைக்குப் போகிறது. நிறையத் தண்ணீர் ஊற்றி வேகவைத்து வடித்தால் வைட்டமின் சியும் தண்ணீரோடு போகும். இரண்டு மூன்று நிமிட வதக்கல் போதும்.

ஆக, வயிறு நிறையும், எடை ஏறாது, சர்க்கரைக்காரர்கள் சோற்றைக் குறைத்து இதைக் கூட்டிக்கொள்ளலாம். நல்ல காய், அவ்வளவே. சர்க்கரையைக் குணப்படுத்தும், கொழுப்பைக் கரைக்கும் என்பதெல்லாம் விற்பனைப் பேச்சு. சோறு, பருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு மூன்று வேளையும் சுக்கினி நூடுல்ஸ் சாப்பிட்டால் உடம்புக்குப் புரதம் எங்கிருந்து வரும்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தனியாக உஷார்! 100 கிராமில் சுமார் 260 மில்லிகிராம் பொட்டாசியம். இரண்டு காய், 400 கிராம் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கும் நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் சுக்கினி டயட்டில் இறங்கக் கூடாது.

ஒட்டிவைத்துக்கொள்ள ஐந்து வரி

1. சமைக்கும் முன் ஒவ்வொரு காயின் இரு முனையிலும் சில்லு சீவி நாக்கில் வைத்துப் பாருங்கள்.
2. கசந்தால் துப்புங்கள், காயை எறியுங்கள். வெல்லம், புளி, மசாலா சேர்த்துச் சரிக்கட்ட வேண்டாம்.
3. சேமித்த விதை, தானாய் முளைத்த கொடி வேண்டாம்.
4. எண்ணெயில் அடைத்த சுக்கினி பாட்டில் வேண்டாம். யார் அன்பாய்க் கொடுத்தாலும் வேண்டாம்.
5. கழுவாமல் காய்கறி டிராயரில் வைத்து நாலைந்து நாளில் தீருங்கள்.

அந்த அக்கா அன்று சாயங்காலமே மாடிக்குப் போய்க் கொடியைப் பிடுங்கினார். பூவும் பிஞ்சுமாய் இருந்த கொடி. பிடுங்கும்போது கண் கலங்கியது. "இவ்ளோ நாள் தண்ணி ஊத்தினேனே" என்றார். டப்பாவில் மிச்சம் வைத்திருந்த விதையையும் கொட்டச் சொன்னேன். கொட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேத்து இன்னொரு காயை எதிர்வீட்டுக்குக் கொடுத்தேனே?" என்றார்.

இருவரும் படியில் ஓடினோம். நல்லவேளை, அது இன்னும் நறுக்கப்படாமல் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது.

உங்கள் தோட்டத்துக் காயை யாருக்காவது கொடுத்திருக்கிறீர்களா? படித்ததைக் கீழே வையுங்கள். முதலில் போன் போடுங்கள்.